சம்பந்தியோடு போட்ட குட்டிக்கரணம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல சித்திரை வெயிலில், நான் வானத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே தலை கீழே, கால் மேலே. தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் பட்டைகள் என்னை இருக்கையோடு இறுக்கிப் பிடித்திருந்தன. கண்ணாடி மூடிக்கு வெளியே, என் உச்சந்தலைக்கு நேர் எதிரே, ரங்கூனுக்கு வெளியே கியாக்தான் பக்கத்து வயல்களும் ஆற்று வளைவும் அழகாகத்தான் இருந்தன. ரசிக்கிற நிலையில் நான் இல்லை. காலையில் சாப்பிட்ட மொஹிங்கா — மீன் குழம்பில் மிதக்கிற அரிசி நூடுல்ஸ், இந்த ஊரின் காலைப் பலகாரம் — தொண்டைக்குப் பக்கத்தில் வந்து நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னால், இன்னொரு இருக்கையில், அதே மாதிரி தலைகீழாக, என் மகளுக்கு மாமனாராக வரப்போகிறவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

இந்த வயதில் இது தேவையா என்று கேட்கிறீர்களா? என் மனைவி தங்கமும் அதையேதான் கேட்டாள். இன்னும் கொஞ்சம் காரமான வார்த்தைகளில்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே, படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயின்ட்டும் நங்கூரச் சங்கிலியும் விற்கிற கடை எனக்கு. நாள் முழுக்கத் தண்ணீரில் போகிறவர்களோடு பேசிப் பேசி, ஆகாயத்தில் போக ஆசை வந்துவிட்டது. ஐம்பது தாண்டிய பிறகு, லீவு கிடைத்தபோதெல்லாம் தாய்லாந்துக்குப் போய், சின்ன விமானம் ஓட்டுகிற லைசென்ஸ் வாங்கினேன். ஆனால் என் ஓட்டல் பரம சாதுவான ஓட்டல். நேராக மேலே போவேன், ஒரு வட்டம் அடிப்பேன், இறங்கி டீ குடிப்பேன். குட்டிக்கரணம் போடுகிற விமானிகளை வீடியோவில் பார்த்தால்கூட நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்கிற ஜாதி நான்.

அப்புறம் எப்படி இந்த கதி? எல்லாம் மரியாதையால் வந்தது.

என் மகள் நிலா, கோ மின் என்ற பர்மியப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். தங்கமான பையன். எங்கள் வீட்டுக்கும் இது புதிதில்லை, தங்கத்தின் அம்மா வழி முழுக்கப் பர்மியர்கள்தான். பையனின் அப்பா ஊ தான் மாங், ஒரு விமானக் கம்பெனியில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல், கியாக்தான் தாண்டி ஒரு தனியார் ஓடுபாதையில், நண்பர் ஒருவரின் இரட்டை இருக்கை விமானத்தைப் பார்த்துக்கொள்கிறார். சாகசம் செய்வதற்கென்றே கட்டிய விமானம் அது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

பெண் பார்க்கிற மாதிரி முதன்முதலாக ரங்கூன் தாமுவேயில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவர் அந்த விமானத்தைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெண்ணைப் பெற்றவன் வாய் சும்மா இருக்குமா? “ஆகாயத்துல ஒரு தடவையாவது குட்டிக்கரணம் போடணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசைங்க” என்று வழிந்து வைத்தேன். சுத்தப் பொய். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவரும் சாகச ஓட்டலுக்குப் புதுசுதான் என்பதும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு லூப், அதாவது மேலே ஏறித் தலைகீழாகிக் கீழே வருகிற ஒரு முழு வட்டம், போட்டுவிட்டு இறங்கிப் படுத்துக்கொள்கிற ஆள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அதே நாளில்தான் இன்னொரு விபத்தும் நடந்தது. கல்யாணத் தேதி.

பேச்சுவாக்கில் ஊ தான் மாங் சொன்னார்: உங்கள் மக்களுக்கு ஆவணி ரொம்ப விசேஷமான மாதம் என்று மகன் சொன்னான், ஆவணியிலேயே வைத்துக்கொள்வோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசோ பௌர்ணமியிலிருந்து தடின்ஜுட் பௌர்ணமி வரை, மழைக்கால மூன்று மாதமும் இங்கே நோன்புக் காலம்; மொத்தத்தையும் வாசோ என்றே சொல்வோம். பிக்குகள் மடத்தை விட்டுப் பயணம் போகமாட்டார்கள். பௌத்தர்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆவணி அதன் நட்டநடுவில் வந்து விழுகிறது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மனிதர் நமக்காகத் தன் வழக்கத்தையே விட்டுக்கொடுக்கிறார்... அதை எப்படி மறுப்பது? மறுத்தால் அவர் பெரிய மனசைக் கீழே போட்டு மிதித்த மாதிரி ஆகாதா?

“யாபாடே” என்றேன். பர்மியத்தில் ‘அதனாலென்ன, பரவாயில்லை’ என்று அர்த்தம். இந்த ஊரில் பாதிக் கஷ்டங்கள் இந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கின்றன.

இன்னொரு வார்த்தையும் சொல்லியாக வேண்டும். ஆனாடே. இதற்குத் தமிழில் சரியான சொல் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். கூச்சம் என்றால் போதாது. தயவு தாட்சண்யம் என்றால் கொஞ்சம் கிட்டே வருகிறது. ‘இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் மனசு சங்கடப்படுமே’ என்று வாயை மூடிக்கொள்வதுதான் ஆனாடே. பசித்தாலும் பசிக்கவில்லை என்போம். கால் மிதிபட்டாலும் சிரிப்போம். பர்மியர்களுக்கு அது பிறவிக்குணம். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் எங்களுக்குப் பெண் வீட்டுக்காரர் என்ற பரம்பரைப் பயம் வேறு. கேட்க வேண்டுமா?

அவர்கள் போனதும் நிலா என்னைப் பிடித்துக்கொண்டாள். என் மகளுக்குச் சாதாரணக் கோபம் வந்தால் பர்மியத்தில் பொரிவாள். கோபம் முற்றினால் தமிழுக்கு மாறிவிடுவாள், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. அன்று தமிழ்.

“ஆவணி யாருக்கு வேணும், பேபே?” என்றாள். அப்பாவைப் பர்மிய வழக்கப்படி பேபே என்றுதான் கூப்பிடுவாள்.

அவர்களுக்காக ஒப்புக்கொண்டேன் என்றேன். அவர்கள் யாருக்காகச் சொன்னார்கள் என்றாள். நமக்காக என்றேன். அப்படியானால் யாருக்குமே வேண்டாத மாதத்தில் எனக்குக் கல்யாணம், அப்படித்தானே என்றாள். தங்கம் சமையலறையில் பாத்திரத்தை வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. அவளுடைய பெரியம்மாக்களே வாசோக் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“நாளைக்கு எங்களுக்குள்ள சின்னதா ஒரு சண்டை வந்தாலும், புள்ளை பொறக்கக் கொஞ்சம் தாமசமானாலும், வாசோல கட்டிக்கிட்டதாலதான்னு சொல்லுவாங்க. யாரைச் சொல்லுவாங்க? அவரையா? என்னைத்தான். ஆயுசு பூரா சொல்லுவாங்க.”

அப்படிச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. நீயே மாப்பிள்ளையிடம் சொல்லேன் என்றேன். அவர் தன் அப்பாவிடம் வாயைத் திறக்கமாட்டார், நான் திறந்தால் வரப்போகிற மருமகளுக்கு இப்போதே வாய் நீளம் என்று பெயர் வரும், பெரியவர்கள் முடித்ததைப் பெரியவர்கள்தான் அவிழ்க்க வேண்டும் என்றாள். நியாயம்தான்.

அதற்குப் பிறகு ஊ தான் மாங்கை எத்தனையோ தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போனேன். “ஊ சம்பந்தி!” என்று எழுந்து வருவார். மகனிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தை. பெரியவர்களுக்குப் பர்மியர் வைக்கிற ‘ஊ’வை அதற்கு முன்னால் ஒட்டிக் கூப்பிடுவார். அந்தக் குரலைக் கேட்டதும் என் வாய் பூட்டிக்கொள்ளும். ஆவணி ஏற்பாடெல்லாம் எப்படிப் போகிறது என்று அவர் கேட்பார். ஜோராகப் போகிறது என்பேன்.

கடைசியில் திங்கட்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போகிறது என்ற நிலை. ஞாயிறு காலை பறக்க வரும்படி அவர் கூப்பிட்டிருந்தார். வாசலில் நிலா நின்றாள். “இன்னிக்கு பேசாம வந்தீங்கன்னா நாளைக்கு அச்சாயிடும், பேபே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஓடுபாதைக்குப் போய்ச் சேர்ந்தால், ஊ தான் மாங்கின் மனைவி டோ சான், விமானக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே பெஞ்சு போட்டு, பெரிய பாத்திரத்தில் மொஹிங்காவோடு காத்திருக்கிறார். சுரைக்காய் பஜ்ஜி, அவித்த முட்டை, எலுமிச்சை, கொத்தமல்லி என்று கல்யாண வீடு மாதிரி ஏற்பாடு. பறப்பதற்கு முன்னால் வயிறு லேசாக இருக்க வேண்டும் என்பது விமானம் ஓட்டும் யாருக்கும் தெரியும். எனக்குத் தெரியும். முப்பது வருடம் ஓட்டிய கேப்டனுக்குத் தெரியாதா? ஆனால் சம்பந்தி அம்மா விடியலில் எழுந்து சமைத்திருக்கிறார். நானும் உட்கார்ந்தேன், அவரும் உட்கார்ந்தார்.

ஒரு கிண்ணம் முடித்துவிட்டு, போதும் என்றேன். நம் ஊர்களில் விருந்தாளி சொல்கிற ‘போதும்’ எது என்று உங்களுக்குத் தெரியும். முதல் ‘போதும்’ மரியாதைக்கு. இரண்டாவது ‘போதும்’ வெட்கத்துக்கு. இலையை மறைத்துக்கொண்டு குனிந்தால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள், அப்போதும் விரலிடுக்கு வழியாக ஊற்றிவிடுவார்கள். பர்மிய வீட்டிலும் இதே சட்டம்தான். டோ சான் புன்னகையோடு இன்னொரு கிண்ணம் நிரப்பினார். கணவருக்கும் நிரப்பினார், விருந்தாளி தனியாகச் சாப்பிடக் கூடாதல்லவா?

சாப்பிடும்போது பேச்சை எடுக்கப் பார்த்தேன். வாசோ எப்போது வருகிறது இந்த வருடம் என்று ஆரம்பித்தேன். அவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பாரசூட்டை முதுகில் மாட்டிக்கொண்டபோது மறுபடி ஆரம்பித்தேன். அவர் பட்டையை எப்படி அவிழ்ப்பது என்று விளக்கினார். அப்புறம், ஆற்று நடுத் தீவில் பகோடா, அந்தப் புத்தர் கோயில், இருக்கிற திசைக்குப் போகமாட்டோம், அதற்கு மேலே பறப்பதும் காலை அந்தப் பக்கம் காட்டுவதும் தப்பு என்று பக்தியோடு சொன்னார். தலைகீழாக இருக்கும்போது கால் எந்தப் பக்கம் இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏறுவதற்கு முன் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். விமானத்தை ஓட்டுகிற ஸ்டிக் இரண்டு இருக்கையிலும் உண்டு; அது யார் கையில் என்பதை மைக்கில் தெளிவாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒருவர் ‘உங்களிடம்’ என்றால் மற்றவர் ‘என்னிடம்’ என்று பதில் சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும். எனக்கும் தாய்லாந்தில் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லித் தந்தார்கள். அப்புறம் காகிதப் பை ஒன்றைக் கொடுத்து, வயிறு புரட்டினால் உடனே சொல்லிவிட வேண்டும், ஆனாடே பார்க்கக் கூடாது என்றார்.

சேச்சே என்றேன்.

மேலே போனோம். நன்றாக உயரம் ஏறிய பிறகு, முதல் லூப் என்றார். மூக்கைக் கீழே சாய்த்தார். காற்றுச் சத்தம் ஏறியது. பிறகு ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார் பாருங்கள்... என் கன்னம் இரண்டும் தாடைக்கு இறங்கிவிட்டன. கை தூக்க முடியவில்லை. என் மேல் யாரோ அரிசி மூட்டைகளை அடுக்கிய மாதிரி. அடுத்த நிமிஷம் அத்தனை மூட்டையும் காணோம், உடம்பு பஞ்சாகிவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் வானம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கீழே, மறுபடி மூட்டைகள். நேரானோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு லூப் அற்புதமாகத்தான் இருந்தது. கத்த வேண்டும் போல ஒரு சந்தோஷம். அந்த இடத்தில் இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

எப்படி இருந்தது என்று ஹெட்ஃபோனில் கேட்டார். அருமை, பிரமாதம், போதும் என்றேன்.

அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? மொஹிங்காப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிற விருந்தாளியின் முதல் ‘போதும்’ ஆகத்தான் விழுந்தது. இன்னொரு லூப் போட்டார்.

இரண்டாவது முடிந்ததும் வயிறு புரண்டது. நாக்கடியில் எச்சில் ஊறியது. போதுங்க, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். யாபாடே, யாபாடே, எனக்கென்ன சிரமம் என்று விமானத்தை ஒரு புரட்டுப் புரட்டினார். அப்போதுதான், ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தத் தொங்கல். இருக்கையை விட்டு விழுந்து பட்டையில் நிற்கிறோம். விமானத்தின் மூலையில் கிடந்த தூசியெல்லாம் கிளம்பி என் முகத்துக்கு வந்தது. காகிதப் பை கையிலேயே இருந்தது. ஆனால் சம்பந்தியின் விமானத்தில், சம்பந்தி அம்மா கையால் சமைத்ததை, சம்பந்தியின் கண் முன்னால்... எப்படிங்க? பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் இருக்கையிலிருந்து தெரிவது என் பிடரியும் அந்தக் கட்டைவிரலும்தான்.

கட்டைவிரலைப் பார்த்ததும் அவர் ஸ்பின் காட்டினார். விமானத்தை வேண்டுமென்றே வேகம் இழக்கவைத்து, சுற்றிக்கொண்டே விழவிடுவது. பூமி முழுவதும் ஆட்டுக்கல் மாதிரி சுற்றியது. அவர் சுழற்சியை நிறுத்தி நேராக்கினார். அவரிடமிருந்து மூச்சு வாங்குகிற ஓசை மட்டும் காதில் வந்தது. அனுபவிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மெல்லிய குரலில், இப்போது நீங்கள் ஓட்டுங்கள் என்றார்.

சட்டப்படி நான் ‘என்னிடம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஸ்டிக்கை வாங்கினால் நானும் ஒரு லூப் போட வேண்டியிருக்கும். தவிர, அவர் விமானம், அவர் பெரியவர், நான் பெண் வீட்டுக்காரன். இல்லைங்க, நீங்களே ஓட்டுங்கள் என்றேன். அவர், அதெல்லாம் இல்லை, நீங்கள்தான் என்றார். நான், பரவாயில்லைங்க, நீங்களே என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரி, அவரே வைத்துக்கொண்டார் என்று நான் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி, முருகனை நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது விமானம் இடப்பக்கம் சாய்ந்து, மூக்கைத் தாழ்த்தி, மெதுவாகச் சுற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஐயோ, அடுத்த லூப்புக்கு வேகம் சேர்க்கிறாரே என்று நினைத்தேன். சாய்வு அதிகமானது. இஞ்சின் சத்தம் ஏறியது. வேகமுள் எச்சரிக்கையான மஞ்சள் கோட்டுக்குள் நுழைந்தது. ஆற்றில் படகு தெரிந்தது. பிறகு படகில் ஆள் தெரிந்தார். இவ்வளவு தாழ்வாகவா லூப் போடுவார்கள்? கேட்கலாமா? இவ்வளவு அனுபவமுள்ள மனிதரிடம் போய் எப்படிக் கேட்பது...

கேட்டுவிட்டேன். ஸ்டிக் உங்களிடம்தானே இருக்கிறது என்றேன்.

உங்களிடம் என்றல்லவா நினைத்தேன் என்று பதில் வந்தது.

நான் லூப் போடப் பார்க்கிறேன் என்று நினைத்தாராம். முதல் தடவை முயற்சி செய்கிறவனை நடுவில் பேசி அதைரியப்படுத்தக் கூடாதே என்று பேசாமல் இருந்தாராம். ஆளுக்கொரு லைசென்ஸ் வைத்திருக்கிற இரண்டு பெரிய மனிதர்கள், இரண்டு பேருமே மடியில் கையைக் கோத்துக்கொண்டு, மரியாதையாக, கியாக்தான் ஆற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம்.

பயம் எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அவர் மேல் இல்லை, என் மேலேயும் இல்லை, எங்கள் இரண்டு பேர் வாயிலும் உட்கார்ந்திருக்கிற அந்த எழவெடுத்த மரியாதை மேல். “என்னிடம்” என்று கத்திவிட்டு ஸ்டிக்கைப் பிடித்தேன். இஞ்சினைக் குறைத்தேன், இறக்கையை நேராக்கினேன், மூக்கை மெல்ல எடுத்தேன். சாது ஓட்டலில் பழகிய அதே வேலைதான். ஆறு கீழே விலகிப் போனது.

“ஊ தான் மாங், எனக்கு முடியலை. ரெண்டாவது லூப்பிலேயே முடியலை. இறங்குவோம்” என்றேன். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதரிடம் இவ்வளவு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“எனக்கு முதல் லூப்பிலேயே முடியலை” என்றார் அவர்.

ஒரு கதவு திறந்தால் அடுத்ததும் திறந்துவிடும் போலிருக்கிறது. இப்போது சொல்லாவிட்டால் எப்போது? இறங்கி, டோ சானின் முகத்தைப் பார்த்தால் மறுபடி வாய் பூட்டிக்கொள்ளும். நிலா வாசலில் நின்ற நிலை கண்ணில் வந்தது. கல்யாணத் தேதியும் இப்படித்தானே இருக்கிறது... ஓட்டுகிறவர் அவர் என்று நானும், நான் என்று அவரும். விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பது என் மகள்.

“இன்னொண்ணு. ஆவணி எங்களுக்கு வேணாம். எனக்கும் வேணாம், என் பொண்ணுக்கும் வேணாம். வாசோ முடியட்டும்.”

இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தொலைத்துவிட்டேன், சம்பந்தமே முறிந்தது என்று நினைத்தேன். பிறகு காதில் ஏதோ விநோதமான ஓசை. அழுகிறாரா, வாந்தியா என்று புரியவில்லை. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல், விக்கி விக்கி.

அப்புறம்தான் கொட்டினார். தேதி வைத்த நாளிலிருந்து அவர் அக்கா அவரோடு பேசுவதில்லையாம். டோ சான் தினமும் பகோடாவுக்குப் போய், வாசோவில் கல்யாணம் வைக்கிற பாவத்தை மன்னிக்கச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுகிறாராம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் இவர் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். தமிழர்களுக்கு ஆவணிதான் முக்கியம், ஊ சம்பந்தி ஆசைப்படுகிறார், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று.

நான் வேண்டவே வேண்டாத ஒரு மாதத்துக்காக, என் மனசு நோகக் கூடாது என்று, இந்த மனிதர் தன் கூடப்பிறந்தவளையே பகைத்துக்கொண்டிருக்கிறார். முட்டாள்தனம்தான். என்னுடையதும் அதே முட்டாள்தனம்தான். ஆனால் இப்படி ஒரு மனிதர் வீட்டுக்குத்தான் என் பெண் போகப்போகிறாள் என்று நினைத்தபோது, அத்தனை நாளாக இருந்த பயமெல்லாம் போய்விட்டது.

இறங்கினேன். சக்கரம் இரண்டு தடவை குதித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

விமானம் நின்றதும் கேப்டன் பட்டையை அவிழ்த்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். அவர் தலையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நானும் பின்னாலேயே போனேன். அங்கே போனதும் எனக்கும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் குனிந்து, இரண்டு சம்பந்திகளும் டோ சானின் சமையலை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தோம். இந்தத் தடவை யாரும் யாரையும் ‘நீங்கள் முதலில்’ என்று உபசரிக்கவில்லை.

டோ சான் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார். கணவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, வாசோவில் கல்யாணம் இல்லை என்றார். அந்த அம்மா செம்பைக் கீழே வைத்தார், பகோடா இருக்கிற திசைக்குத் திரும்பினார், கை கூப்பினார், கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. அங்கேயே காலண்டரைப் பார்த்தோம். தடின்ஜுட் முடிந்து ஐப்பசியில் ஒரு நல்ல நாள் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் சரியான நாள். உங்களுக்கு உண்மையிலேயே சரிதானா என்று அவர் கேட்டார். உண்மையிலேயே சரி என்றேன். உங்களுக்கு என்று திருப்பிக் கேட்டேன். சத்தியமாகச் சரி என்றார். சந்தேகத்துக்கு இரண்டு பேரும் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்தபோது நான் இருந்த கோலத்தைப் பார்த்துத் தங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெந்நீர் போடப் போனாள். நிலா மட்டும் அசையாமல் நின்றாள். கேட்கப் பயம். ஐப்பசி என்றேன். அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள், வாடையைக்கூடப் பார்க்கவில்லை. என் தோளில் அவள் அழுதபோது, ஒரு மாதமாக இந்தப் பெண் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்கே அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போதும் என்று சொன்னதற்கு லூப் கிடைத்ததை, மடியில் கோத்த கைகளை, அக்காவோடு போட்ட சண்டையை. விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யோசனையோடு சொன்னாள்:

“அந்த வீட்ல ஒருத்தருக்கும் ‘வேணாம்’னு சொல்லத் தெரியலை, பேபே. நான் போய்த்தான் சொல்லிக் குடுக்கணும்.”

ஊ தான் மாங்குக்கு நல்ல காலம். இந்தப் பாடத்தில் அவளைவிட ஒஸ்தியான டீச்சர் ரங்கூனில் கிடையாது — பிறந்த நாளிலிருந்து எங்களிடம்தான் சொல்லிப் பழகியிருக்கிறாள்.